பூசா இடம்: காரின் பிரேக் காலிப்பருக்கு வீட்டில் வண்ணம் தீட்டுதல்

மனிதன் கண்ட கருவிகளுள் சக்கரமே தலையாயது என்று அறிஞர் கூறுவர். அக்கூற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், உருளும் சக்கரத்தை வேண்டிய இடத்தில் நிற்கச் செய்யும் கருவியைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, அச்சாணி என்று வண்டிச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்டு வழங்கியது தமிழ். வள்ளுவரும் அச்சைச் சொன்னார்; அச்சாணியையும் சொன்னார். காரின் சக்கரத்தை நிறுத்தும் உறுப்புக்கோ பணிமனைகளில் இன்றளவும் காலிப்பர் என்ற பெயரே வழங்குகிறது. ஒரு பொருளின் தடிப்பை அளப்பதற்காக அதனை இருபுறமும் பற்றும் இருகால் கருவிக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். பிரேக்கில் உள்ள உறுப்பும் சுழலும் தட்டை இருபுறமும் பற்றுகிறது. கொல்லர் பட்டறையின் இடுக்கியை நினைத்துக்கொண்டால் வடிவம் மனத்தில் படிந்துவிடும். எனினும் கடையில் போய் இடுக்கி என்று கேட்டால் வேறொன்றைத் தருவார்கள் ஆதலின், இக்கட்டுரையில் காலிப்பர் என்றே எழுதிச் செல்கிறேன்.

அந்தக் காலிப்பருக்கு வீட்டு முற்றத்திலேயே வண்ணம் பூசிய கதையும், அதனால் நான் கற்றுக்கொண்டதும் இக்கட்டுரையின் பொருள். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பார் உளர். என் மகன் கேட்டுக்கொண்டான் என்பதே விடை. பொறியியல் பயிலும் அவனுக்கு எங்கள் பழைய காரின் முன் சக்கரங்களில் துருப்பிடித்த காலிப்பர் தெரிவது மனக்குறை. "வாப்பா, சிவப்புப் பெயிண்ட் அடிச்சுட்டா வண்டியே மாறிடும்" என்றான். கடற்காற்று வீசும் ஊரில் வாழ்கிறோம். இரும்பாய் இருப்பது எதுவும் இங்கு நெடுநாள் இரும்பாய் இருப்பதில்லை. ஆகவே நானும் இசைந்தேன். விடுமுறையில் உம்மாவை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குச் செல்வதாக இருந்தோம். அதற்கு முன் முடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

சிவப்பு ஏன் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. டிஸ்க் பிரேக்கிற்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் என்பார் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதன் பெருமையை உலகம் உணர்ந்தது 1953இல்தான். அவ்வாண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் அது பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் வந்தது. நம் சாலைகளில் ஓடிய பழைய அம்பாசடர் கார்களிலோ நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. டிரம் மூடிய பெட்டி போன்றது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. டிஸ்க் திறந்தது, சக்கரத்தின் இடைவெளி வழியே பார்ப்பவர் கண்ணில் படும். கண்ணில் படுவதை அழகுபடுத்த விரும்புவது மனித இயல்பு. விலையுயர்ந்த கார்களில் காலிப்பரின் நிறம் பிரேக்கின் வகையை உணர்த்தும் அடையாளமாகவும் ஆயிற்று. போர்ஷே நிறுவனம் தன் பீங்கான் கலப்பு டிஸ்க் பிரேக்குகளுக்கு மஞ்சள் நிறக் காலிப்பரைப் பொருத்தியது இவ்வகையைச் சேர்ந்தது. சாதாரணக் காரின் காலிப்பருக்கு அத்தகைய நிறம் பூசுவது, தேர்வு எழுதாதவன் பட்டமளிப்பு அங்கியை அணிந்துகொள்வது போன்றது என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

காலிப்பர் செய்யும் பணி

வண்ணம் பூசுவதற்கு முன் இவ்வுறுப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுழல்கிறது, அதுவே டிஸ்க். காலிப்பர் சுழல்வதில்லை. தட்டின் இருபுறமும் உராய்வுப் பட்டைகள் இரண்டை வைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது. அப்பட்டைகளைப் பிரேக் பேடு என்பர். நாம் காலால் பெடலை அழுத்தும்போது, குழாயில் அடைபட்ட திரவத்தின் வழியே அந்த அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனை வந்தடைகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே இங்குத் தொழிற்படுகிறது.

பெரும்பாலான சிறிய கார்களில் பிஸ்டன் ஒன்றே. அதுவும் உட்புறத்தில் மட்டுமே. அப்படியாயின் வெளிப்புறப் பட்டை எவ்வாறு டிஸ்கைப் பற்றுகிறது? நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டன் உட்பட்டையை டிஸ்கின்மேல் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பரின் உடலே உள்நோக்கி நகர்ந்து வெளிப்பட்டையை இழுத்து அழுத்துகிறது. உடல் இவ்வாறு நகர வேண்டுமானால் அதனைத் தாங்கும் இரண்டு பின்கள் தத்தம் துளைகளில் வழுக்கிச் செல்ல வேண்டும். பட்டைகளின் இருமுனைக் காதுகளும் தாங்கியின் பள்ளத்தில் தடையின்றி அசைய வேண்டும். இந்த அசைவுகள் மிகச் சிறியவை, கண்ணுக்குப் புலப்படாதவை. ஆயினும் பிரேக்கின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

வெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,11,000 ஜூல். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 26 டிகிரி செல்சியசு உயர்த்த இது போதும். காரைப் பிரேக்கால் நிறுத்தும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. அதே கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குமானால் ஏறத்தாழ 78 லட்சம் ஜூல் செலவாக வேண்டும். அஃதாவது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் எழுபது என்பது தற்செயலான ஒற்றுமை. இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும், கியரைக் குறைத்து ஓட்டினால் எஞ்சினும் ஏற்கும். எஞ்சியது முழுவதும் டிஸ்கிலும் பட்டையிலும் காலிப்பரிலும் இறங்கும். கதவுக்கும் சன்னல் கம்பிக்கும் பூசும் சாதாரண எனாமல் இங்கு நிற்காமைக்குக் காரணம் இதுவே. முதலில் மஞ்சள் பாரிக்கும். பிறகு செதில் செதிலாய் உதிரும்.

முற்றத்தில் நடந்தது

சமதளமான தரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின் முயன்றால் வண்டி ஆடும். ஜாக்கியால் தூக்கிய பின் இரும்பு ஸ்டேண்டின்மேல் வண்டியை இறக்கி வைப்பது கட்டாயம். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஸ்டேண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி வைப்பாரும் உளர். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். அண்டை வீட்டாரிடம் ஸ்டேண்டு இரவல் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது கழுவுதல். காலிப்பரில் படிந்திருக்கும் கரும்பொடியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழலால் அடிப்பதும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் தீங்கானவை. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் சேர்க்கப்பட்டு வந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலிற் புகுந்தால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கல்நாரை முற்றிலும் விலக்கியது. உங்கள் காரில் உள்ள பட்டை எத்தகையது என்பதை அதன் பொடியைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே சோப்பு நீரால் நனைத்து, ஈரத்தோடு துடைத்தெடுப்பதே அறிவுடைமை. முகக்கவசமும் வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் கழுவும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனையும் கைவிட வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் அவை பட்டால் ஊதிப் பருத்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. குழாயில் இருக்கும் திரவத்தைக் கடையில் பிரேக் ஆயில் என்றே கேட்கிறோம். நம் கார்களில் பெரும்பாலும் பயன்படும் டாட் 3, டாட் 4 என்னும் வகைகள் எண்ணெய் அல்ல. கிளைக்கால் சார்ந்த வேதிப்பொருள்கள். பெயரை நம்பி, அளவு குறைந்தபோது எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் கெடும், பிரேக் போய்விடும். வழக்கில் ஊன்றிவிட்ட பெயரை மாற்ற நம்மால் ஆகாது. பெயர் வேறு பொருள் வேறு என்பதையாவது மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இத்திரவத்திற்கு மற்றொரு குணமும் உண்டு: பெயிண்ட்டை அரித்துவிடும். காரின்மேல் சிந்தினால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

காலிப்பரைத் தாங்கியிலிருந்து கழற்றினோம். திரவக் குழாயைக் கழற்றவில்லை. வீட்டில் வேலை செய்பவர் அதனைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. குழாய் திறந்தால் காற்று புகும். திரவம் அழுந்தாது, காற்று அழுந்தும். பின்னர் பெடல் மெத்தையில் கால் வைத்தாற்போல் அமிழும். கழற்றிய காலிப்பரை அந்த ரப்பர்க் குழாயிலேயே தொங்க விடுவதும் பிழை. மேலே உள்ள சுருள்வில்லில் ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். காலிப்பர் கழன்றிருக்கும்போது எவரும் பெடலை மிதிக்கலாகாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். நாங்கள் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு, கதவைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டோம்.

வலப்புறம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடப்புறத்துப் பட்டைகளை வெளியே எடுத்த மகன் இரண்டையும் என் கையில் வைத்தான், ஒன்றும் சொல்லவில்லை. வெளிப்பட்டையில் உராய்வுப் பொருள் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இருந்தது. உட்பட்டையில் 2 மில்லிமீட்டர் கூட இல்லை. புதிய பட்டையில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொது வழக்கு. ஒரே சக்கரத்தில், ஒரே காலத்தில் பூட்டிய இரண்டு பட்டைகளுக்குள் இத்துணை வேறுபாடு ஏன்? கீழ்ப்புறத்துப் பின்னைச் சுழற்றிப் பார்த்தோம், அசையவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, நீர் புகுந்து, துருவேறித் துளையோடு ஒட்டிப்போயிருந்தது. காலிப்பரின் உடல் நகரவில்லை. ஆகவே வெளிப்பட்டை சும்மா இருந்தது. உட்பட்டையே முழு வேலையையும் செய்து தேய்ந்தது. சில மாதங்களுக்கு முன்னர்தான் வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்தோம். அவர்கள் தந்த தாளில் பிரேக் என்ற வரிக்கு எதிரே சரி என்று குறியிடப்பட்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் வெளிப்பட்டைதான் படும். அது நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவின் மூத்த மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் பின்னைச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சுழற்றி வெளியே எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்துத் தலையை அசைத்தார். "இது குழி விழுந்துடுச்சு சார். புதுசு போடுங்க. பேடும் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்" என்றார். மலைக்குப் போவதாக இருந்தோம் என்றேன். அவர் பட்டையை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "போறது பிரச்சினை இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

பூசக்கூடாத இடங்கள்

புதிய பின்களும் பட்டைகளும் வந்து சேர்ந்த பின்னரே வண்ணத்தைக் கையில் எடுத்தோம். துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் பின் உப்புத்தாளாலும் தேய்த்து, ரப்பரின்மேல் கம்பி படாமல் பார்த்துக்கொண்டோம். கை எண்ணெய் கூடப் படியாதவாறு பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிட்டோம். இதுவரை எல்லாருக்கும் எளிதில் விளங்கும். இதன்பின் பூச வேண்டிய இடத்தைவிடப் பூசக்கூடாத இடமே மிகுதி என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

பிஸ்டனும் அதன் ரப்பர் உறையும், பின்கள் வழுக்கும் துளைகள், பட்டைகளின் காதுகள் அமரும் பள்ளங்கள், பட்டைகளை எதிர்கொள்ளும் உட்பரப்பு, காற்றை வெளியேற்றும் நிப்பிள், குழாய் வந்து சேரும் முகப்பு, போல்ட்டுகளின் மரைகள் ஆகிய இவற்றில் ஒரு துளி வண்ணமும் படக்கூடாது. டிஸ்கின் உராய்வுப் பரப்பைச் சொல்லவே வேண்டியதில்லை. சக்கரம் வந்து பொருந்தும் நடுமுகப்பிலும் பூசக்கூடாது. அங்குப் படியும் வண்ணம் நாளடைவில் நசுங்க, இறுக்கிய நட்டு தளரும். காதுகள் அமரும் பள்ளத்தை மீண்டும் சொல்ல வேண்டும். அங்கே துரு ஏறினால் பட்டை சிக்கிக்கொள்ளும் என்பதற்காகத்தான் அதனைத் தேய்த்துத் துப்புரவு செய்கிறோம். தேய்த்த இடத்தில் வண்ணத்தைப் பூசிவிட்டால் துரு செய்த அதே தீங்கை நாமே செய்தவராகிறோம். அழகுக்காக இவ்வேலையில் இறங்குவோர் பெரிதும் தவறுவது இவ்விடத்தில்தான். முழுவதும் ஒரே நிறமாய்ப் பளபளத்தால் வேலை நன்றாக முடிந்ததாக அவர்கள் எண்ணுகிறார்கள்.

மேற்கூறிய இடங்களையெல்லாம் மாஸ்கிங் டேப்பாலும் செய்தித்தாளாலும் மூடினோம். வெப்பம் தாங்கும் பெயிண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். தாங்கும் வெப்ப அளவு டப்பாவின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். 200 டிகிரி செல்சியசுக்குக் குறைவாயின் வேண்டா. தெளிப்பான் டப்பாவைவிடச் சிறிய பிரஷ் வீட்டு வேலைக்கு ஏற்றது. காற்றில் பறந்து டிஸ்கின்மேல் படியாது. மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று முறை, ஒன்று உலர்ந்த பின் மற்றொன்றாகப் பூச வேண்டும். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் மேற்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும், சூடேறும்போது கொப்புளிக்கும். மழைக்காலத்து ஈரக்காற்றிலும் பூச வேண்டா. ஒரு நாள் முழுதும் உலரவிட்டோம்.

நிறத்தைப் பற்றிய வழக்கு இதற்குள் தீர்ந்துவிட்டது. வெளிர் சாம்பல் நிறத்தையே தேர்ந்தோம். திரவம் எங்கேனும் கசிந்தால் வெளிர் நிறத்தில் கறையாய் உடனே தெரியும். புதிய துருவும் விரிசலும் மறையா. இதனை எடுத்துச் சொன்னவன் நான் அல்லன், என் மகன். உட்பட்டையைக் கையில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து அவன் சிவப்பைப் பற்றிப் பேசவில்லை.

பூட்டும்போது பின்களுக்கு அதற்கென உள்ள சிலிக்கோன் கிரீசைத் தடவினோம். சாதாரணக் கிரீசும் ரப்பரைக் கெடுக்கும். புதிய தடித்த பட்டைகளுக்கு இடம் தர, பிஸ்டனை மெல்ல உள்ளே அழுத்தினோம். அப்போது மேலே உள்ள டப்பாவில் திரவம் ஏறி வழியாதபடி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் குறித்த இறுக்கத்திற்கு முடுக்கினோம். சக்கர நட்டுகளை ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் மீண்டும் ஒருமுறை முடுக்கினோம். எஞ்சினை இயக்கும் முன் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பட்டையை வந்து தொடும்வரை பெடல் வெறுமையாக அடிவரை போகும். இதனை மறந்து வண்டியை நகர்த்தியவர் எதிர்ச்சுவரில்தான் நிற்பார். முதல் நாள் ஊருக்குள் மெதுவாகவே ஓட்டினோம். சிறிது புகையும் பெயிண்ட் வாடையும் வந்து அடங்கின.

அடுத்த வாரம் கொல்லிமலைக்குச் சென்றோம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தோம். நடுவில் இருமுறை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டோம். அடிவாரத்தில் இறங்கி முன் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு வெம்மை. உம்மா காரிலிருந்தபடியே என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்கள். சூடு பார்க்கிறேன் என்றேன்.

அதன்பின் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பூச்சு நன்றாகவே இருந்தது. இடப்புறத்தில் நிப்பிளின் அடியில் மட்டும் மிளகளவு இடம் சுருங்கி உரிந்திருந்தது. பிரேக் ஆயிலின் ஒரு துளி அங்கே பட்டிருக்க வேண்டும். மகன் நிப்பிளைச் சிறிது இறுக்கி, அவ்விடத்தை நீரால் கழுவி உலர்த்தினான். இரண்டு நாள் கழித்தும் ஈரம் காணாமையின், மீதமிருந்த வண்ணத்தை எடுத்து அந்த மிளகளவு இடத்தில் தொட்டு வைத்தான்.